ஆய்வில் முதற்பெயர்

1916இல் அமெரிக்காவின் றொக்பெல்லர் மன்றம் தந்த பணத்தில் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு தொடங்கியது. புழு இருந்தது நம் பாட்டன் பாட்டிமார் வயிற்றில்; திட்டத்தை வகுத்தவர்கள் அமெரிக்க வைத்தியர்கள். 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் உருவானது. ஏற்றுமதித் தேயிலை மீது அறவிட்ட வரியே அதன் நிதி. கொழுந்தெடுத்தவர்கள் நம்மவர்; முதற் பணிப்பாளர் பெச் ஓர் ஆங்கிலேயர்.

நம்மவர் ஏன் அந்த நாற்காலியை எட்டவில்லை? 1945இன் இலவசக் கல்வி தோட்டப் பாடசாலைகளுக்குக் கிட்டவில்லை. 1948இன் சட்டம் நம்மவரில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது எழுபதுகளில்தான்.

2005இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நம் பதுளைக்கே வந்தது. தேயிலைத் தொழினுட்பத்திலும் பட்டம் தருகிறது. எந்தப் பல்கலைக்கழகத்திலும் நிதி பெறும் ஆய்வுக்குத் தலைமை தாங்குபவர் பொதுவாக நிரந்தரப் பதவியில் இருக்க வேண்டும். பணத்துக்கு ஒருவர் பொறுப்புச் சொல்ல வேண்டுமே, அது நியாயம்தான். ஆனால் அந்தப் பதவிக்கான பாதை உயர்தர விஞ்ஞான வகுப்பில் தொடங்குகிறது. தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் அந்த வகுப்பே இல்லை.

மருத்துவ மாணவியாக இருந்தபோது, லயங்களில் நடந்த இரத்தசோகை ஆய்வொன்றுக்குத் தமிழ் தெரிந்த உதவியாளராகப் போனேன். காலையில் பெரட்டுக்குப் போகுமுன் தாய்மார் சாப்பிட்டார்களா என்ற கேள்வி வினாக்கொத்தில் இல்லை. சேர்க்கும் உரிமை எனக்கும் இல்லை. கேள்வியைத் தீர்மானிப்பவரே ஆய்வின் தலைவர் என்பதை அன்று அறிந்தேன்.

சகோதரிகளே, நுணுக்குக்காட்டியை நான் முதலில் தொட்டது நம் கல்லூரி ஆய்வுகூடத்தில். அதை அடுத்த நூற்றாண்டுக்கும் குறைவின்றி வைத்திருப்போம். நம் தங்கை ஒருத்தியின் பெயர் ஆய்வறிக்கையில் முதலாவதாக வரட்டும்.