ஒரே மெட்டு

நேயர்களே, சென்ற வாரம் கண்ணகி வழிபாட்டைப் பற்றிப் பேசி வந்தபோது கொம்பு முறித்தலைத் தொட்டுவிட்டு நேரமின்மையால் நிறுத்தினேன். இன்று விளையாட்டு மைதானத்தில் பாடப்படும் வேறொரு பாட்டைப் பற்றிச் சொல்ல இருக்கிறேன். ஆயினும் தொடக்கம் அங்கேதான்.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் கண்ணகை அம்மன் பேரால் நிகழ்ந்து வந்த அந்த விளையாட்டில் கட்சிகள் இரண்டு. வடசேரி கோவலன் பக்கம். தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த இரு கொம்புகளை ஒன்றோடொன்று பூட்டிக் கயிறு கட்டி இரு சேரியாரும் இழுப்பார்கள். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவர். வென்றவர்கள் தோற்றவர்களை வசைபாடுவார்கள். இன்ன சேரி என்பது பிறப்போடு வருவது. நினைத்தபடி மாற முடியாது. சிங்கள மக்களிடையே இதே விளையாட்டு 'அங்கெலிய' என்ற பெயரில், பத்தினித் தெய்வத்தின் பேரால், 'உடுபில', 'யடிபில' என்ற இரு கட்சிகளுடன் நடைபெற்றது. பேராசிரியர் கணநாத் ஒபயசேகர பத்தினி வழிபாடு பற்றி 1984இல் வெளியிட்ட பெருநூல் இந்த உறவை உலகறியச் செய்தது. ஒரே தெய்வம், ஒரே விளையாட்டு. பாட்டு மாத்திரம் அவரவர் மொழியில். ஒரு மொழியில் பாடினால்தான் அம்மன் மழை தருவாள் என்று எந்தக் கட்டாடியாரும் எந்தக் கபுராளையும் சொன்னதில்லை.

இனி மைதானத்துக்கு வருகிறேன்.

எழுவான்கரையில் ஒரு பாடசாலையில் நான் பதினொரு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியனாக இருந்தேன். பாடசாலையின் பெயர் இங்கு வேண்டாம். தைப்பொங்கல் கழிந்து, வெள்ளம் வடிந்து, மைதானத்துச் சேறு காய்ந்ததும் இல்ல விளையாட்டுப் போட்டி வரும். சுண்ணாம்புக் கோடு, கிடுகுப் பந்தல், இல்லச் சோடனை எல்லாம் முடிந்து பிரதம விருந்தினர் கொடியேற்றும் வேளையில் தேசிய கீதம். பாட ஆறு பிள்ளைகளைப் பழக்குவது சங்கீத ஆசிரியையின் பொறுப்பு. மற்றவர்களை அசையாமல் நிற்கப் பழக்குவது என் பொறுப்பு.

1997ஆம் ஆண்டுப் போட்டிக்குப் பிரதம விருந்தினராகப் படை அதிகாரி ஒருவர் வந்தார். அந்தக் காலத்தில் அப்படித்தான். அழைக்காமல் இருக்க முடியாது. அவருடைய ஆட்கள் வரும்போதே சிங்களத்தில் தேசிய கீதம் பதிந்த கசெற் ஒன்றைக் கொண்டுவந்து ஒலிபெருக்கிக்காரரிடம் கொடுத்துவிட்டார்கள். எங்கள் பிள்ளைகளோ மூன்று கிழமையாகத் தமிழில் பழகியவர்கள். அதிபர் என்னைப் பார்த்தார். நான் சங்கீத ஆசிரியையைப் பார்த்தேன். கொடி ஏறத் தொடங்கியது, கசெற் ஓடியது. ஆசிரியை கையை மெல்ல அசைத்தார். பிள்ளைகள் தமிழில் பாடத் தொடங்கிவிட்டார்கள். மெட்டு ஒன்றுதானே! ஒலிபெருக்கியில் சிங்களமும் பந்தலடியில் தமிழுமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, எங்கும் பிசகாமல் கடைசி அடிவரை போய்ச் சேர்ந்தன. அந்த அதிகாரி கையைச் சல்யூட்டிலிருந்து இறக்கவில்லை. அவர் முகத்திலிருந்து ஒன்றையும் வாசிக்க முடியவில்லை.

அன்று எனக்குக் கோபம் வந்தது அவர் மீதல்ல. 800 மீற்றர் ஓட்டத்தில் எங்கள் நம்பிக்கையாக இருந்த பையன் ஒருவன் முன்வரிசையில் நின்றான். படுவான்கரையிலிருந்து தோணியில் வந்து படிக்கிற பிள்ளை. எல்லாரும் பாட அவன் வாய் மூடியபடி நின்றான். பிறகு கூப்பிட்டு, "ஏன் மனே பாடல்ல?" என்று கேட்டேன். "எழும்பி நிண்டன்தானே சேர்" என்றான். அவ்வளவுதான். அவனுடைய அண்ணனை 1990இல் கொண்டுபோனவர்கள் திருப்பித் தரவில்லை என்பதை வேறோர் ஆசிரியர் எனக்குப் பின்னர் சொன்னார்.

நிற்பது வேறு, பாடுவது வேறு என்பதை அந்தப் பையன்தான் எனக்குக் கற்பித்தான். இதே வேறுபாட்டை இந்திய உச்ச நீதிமன்றம் அதற்குப் பதினொரு ஆண்டுகள் முன்பே எடுத்துக்கொண்டிருந்தது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் சமயத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் பாடசாலையில் தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். 1985இல் பாடசாலை அவர்களை வெளியேற்றியது. 1986 ஆகஸ்டில், நிற்பதே மரியாதை, பாடாமை அவமதிப்பாகாது என்று நீதியரசர் சின்னப்ப ரெட்டியின் அமர்வு தீர்ப்பளித்து அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பு அன்று எனக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பையனை அப்படிக் கேட்டிருக்க மாட்டேன்.

விளையாட்டுக்கு முன் நாட்டுப் பாட்டைப் பாடும் வழக்கம் எங்கிருந்து வந்தது? 1905 டிசம்பர் 16ஆம் திகதி கார்டிஃப் நகரில் நடந்த ரக்பி ஆட்டத்தைப் பலரும் சுட்டுவார்கள். நியூசிலாந்து அணியினர் மாவோரி மக்களின் ஹாக்கா ஆடி முழங்கினார்கள். அதற்கு எதிர்முழக்கமாக வேல்ஸ் அணியினர் தம் தாய்மொழிப் பாட்டு ஒன்றைத் தொடங்க, சனம் முழுவதும் சேர்ந்து பாடியது. வேல்ஸ் அன்று தனி அரசல்ல. அந்தப் பாட்டை எந்தச் சட்டமும் விதிக்கவில்லை. சனம் தானாகப் பாடிய ஒன்று பிறகு எல்லா நாடுகளிலும் சடங்காகி, சில நாடுகளில் கட்டளையும் ஆயிற்று.

எங்கள் நாட்டுப் பாட்டின் கதைக்கு இலக்கிய இரசனையுள்ள நேயர்கள் சற்றுக் காது கொடுக்க வேண்டும். சாந்திநிகேதனில் சில காலம் கற்றுவந்த ஆனந்த சமரக்கோன் 1940இல் இயற்றி மெட்டமைத்த 'நமோ நமோ மாதா', 1951 நவம்பரில் உத்தியோகபூர்வ தேசிய கீதமாக ஏற்கப்பட்டது. அதைத் தமிழாக்கியவர் வட்டுக்கோட்டையைச் சேர்ந்த முதுதமிழ்ப் புலவர் மு. நல்லதம்பி. அதே மெட்டில் தமிழ்ச் சொற்கள் இடறாமல் விழுமாறு பாடல் அமைப்பது எளிய வேலையல்ல. அந்த உழைப்பின் பயனைத்தான் எங்கள் பிள்ளைகள் அந்தக் கசெற்றின் மேல் நிரூபித்தார்கள்.

பின்னர் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க 1959இல் கொல்லப்பட்டார். நாட்டுக்கு வந்த கேடுகளுக்குப் பாட்டின் முதற் சொல்லில் அமைந்த கணம் அமங்கலமாயிருப்பதே காரணம் என்று சிலர் வாதிட்டார்கள். நமக்கு இது புதிதல்ல. முதற்சீருக்கு மங்கலப் பொருத்தமும் கணப் பொருத்தமும் பார்க்கச் சொல்லும் பாட்டியல் நூல்கள் நம்மிடமும் உண்டு. கலம்பகம் கேட்டு உயிர்விட்ட நந்திவர்மன் கதையும் உண்டு. சமரக்கோன் எதிர்த்தும் கேளாமல் 1961இல் தொடக்கச் சொற்களை மாற்றினார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். தேசிய கீதத்தை ஆக்கியவனுக்கே அந்தக் கீதத்தின் மீது மனம் புண்பட்டிருந்தது என்பதை, பாடாத பிள்ளைகளை அதட்டும் எவரும் ஒருகணம் நினைக்கலாம்.

சொற்கள் மாறுவதற்கு முன் நடந்தது அடுத்த செய்தி. 1958 மே மாதம் நான் ஐந்தாம் வகுப்பு. மே 22இல் பொலநறுவைப் புகையிரத நிலையத்தில் பயணிகள் தாக்கப்பட்டார்கள். மறுநாள் மட்டக்களப்பிலிருந்து புறப்பட்ட இரவுத் தபால் வண்டி ஏறாவூரருகே தடம்புரட்டப்பட்டது. நாடெங்கும் தீ, மே 27இல் அவசரகால நிலை. அதே மே 24இல் ஜப்பானின் தோக்கியோ நகரில் மூன்றாவது ஆசிய விளையாட்டு விழா தொடங்கி ஜூன் முதலாம் திகதி முடிந்தது. அங்கே உயரம் பாய்தலில் யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசிய விழாவில் இலங்கை பெற்ற முதலாவது தங்கம் அது. இங்கே தமிழ் வீடுகள் எரிந்த நாட்களில், அங்கே தமிழன் ஒருவனின் கால் வலுவால் இலங்கைக்குத் தங்கம் கிடைத்தது. இந்தத் திகதிகளை ஒரே தாளில் எழுதிப் பார்த்தது பல வருடங்களுக்குப் பிறகுதான். பாடநூல்கள் அவற்றைச் சேர்த்து எழுதுவதில்லை.

இதோடு கொரியாவின் சோன் கீ சுங் நினைவுக்கு வருகிறார். 1936 பெர்லின் ஒலிம்பிக் மரதன் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவர். கொரியா அன்று ஜப்பானின் ஆட்சியில் இருந்ததால் ஜப்பானிய பெயரிலும் ஜப்பானிய உடையிலும் ஓட நேர்ந்தது. வெற்றி மேடையில் ஜப்பானின் கீதம் ஒலிக்க, தலையைக் குனிந்து, பரிசாகக் கிடைத்த மரக்கன்றால் மார்பிலிருந்த கொடியை மறைத்துக்கொண்டு நின்றார். கொரியப் பத்திரிகை ஒன்று அந்தக் கொடியை அழித்துப் படத்தை வெளியிட்டதற்காக நிறுத்தி வைக்கப்பட்டது. 1968இல் மெக்சிக்கோ நகரில் டொமி ஸ்மித்தும் ஜோன் கார்லோசும் கறுப்புக் கையுறைக் கரத்தை உயர்த்தியது உலகறிந்த கதை. என் மனசுக்கு நெருக்கம் சோன்தான். அவரும் எழும்பித்தான் நின்றார்.

எல்லாரையும் இந்த ஒரே கண்ணால் பார்ப்பதும் பிழை. 1996 மார்ச்சில் உலகக் கிண்ணம் நடந்தபோது, அரையிறுதியில் இந்தியாவும் இலங்கையும் மோதிய அன்று, எங்கள் சந்தித் தேநீர்க் கடையில் ஒரே வீட்டு அண்ணன் இந்தியா, தம்பி இலங்கை. தம்பியிடம் காரணம் கேட்டால் "முரளி விளையாடுறான்" என்பான். அண்ணன் காரணம் சொல்ல மாட்டான். 17ஆம் திகதி லாகூரில் அரவிந்த டி சில்வா 107 ஓட்டங்கள் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றபோது நான் கைதட்டினேன் என்பதை மறைக்கவில்லை. மறுநாள் காலை சோதனைச் சாவடியில் என்னைச் சைக்கிளிலிருந்து இறக்கி அடையாள அட்டை கேட்ட பையனும் அந்த ஆட்டத்தைப் பற்றித்தான் சகாவோடு பேசிக்கொண்டிருந்தான். நானும் ஒரு வார்த்தை சேர்ந்து பேசியிருக்கலாம். பேசவில்லை. இந்தப் பக்கம் புலம்பெயர்ந்த இளைஞர்கள் தமிழீழம் என்ற பெயரில் தனி உதைபந்தாட்ட அணி அமைத்து, நாடற்றவர்களின் போட்டிகளில் ஆடுகிறார்கள்; அந்தப் பக்கம் தர்ஜினி சிவலிங்கம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, எங்கள் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2018இல் இலங்கை வலைப்பந்தாட்ட அணி சிங்கப்பூரில் ஆசியச் சம்பியனானது பெரிதும் அவர் கைவண்ணத்தால். இவர்களில் எவர் பற்றுள்ளவர், எவர் பற்றில்லாதவர் என்று தராசு பிடிக்க என்னால் ஆகாது. பட்டணத்தின் பிரதான மைதானமே அமெரிக்க இயேசுசபைத் துறவி வெபர் அடிகளின் பெயரைத் தாங்குகிறது. கூடைப்பந்தாட்டம் பழக்கிய இன்னோர் அமெரிக்கத் துறவி ஹேபர்ட் அடிகள் 1990 ஆகஸ்டு 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டு வந்து சேரவேயில்லை. அவர்களிடம் இது உங்கள் நாடா என்று இங்கே யாரும் கேட்டதில்லை.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பில், தமிழ்ப் பிரதியின் அட்டவணையில், தமிழ்க் கீதம் அச்சாகியிருக்கிறது. அப்படியிருந்தும் 2010 டிசம்பரில் அமைச்சரவை தமிழ்க் கீதத்தை நிறுத்தப் போவதாகச் செய்தி வந்தது. ஒரு நாட்டுக்கு ஒரு மொழியில்தான் கீதம் என்றார்கள். கனடாவையும் சுவிற்சர்லாந்தையும் மறந்தார்கள். தென்னாபிரிக்கா 1997இல் ஐந்து மொழிகளை ஒரே பாட்டில் வைத்தது. இந்தியாவில் இந்தியில் மட்டுமே பாடுகிறார்களே என்றும் ஒரு வாதம். தாகூர் எழுதியது வங்க மொழி என்பது அந்த வாதக்காரருக்குத் தெரியவில்லை. 2011இல் நல்லிணக்க ஆணைக்குழு இருமொழிகளிலும் பாடும் வழக்கம் தொடர வேண்டும் என்றது. 2016 சுதந்திர தினத்தில் காலிமுகத்திடலில் தமிழிலும் பாடப்பட்டது, 2020இல் கைவிடப்பட்டது, பின்னர் மீண்டும் இடம்பெற்றது. இப்படி வருவதும் போவதுமாயிருக்கிற பாட்டை மனம் விட்டுப் பாடு என்றால் பிள்ளை என்ன செய்யும்?

2023 ஜூலையில் கொழும்பில் கிரிக்கெட் தொடர் ஒன்றின் தொடக்க விழாவில் பிரபல பாடகி ஒருவர் கீதத்தை இழுத்துப் பாட, 'மாதா' என்ற சொல் 'மஹதா' என்று ஒலித்ததாம். பெரும் எதிர்ப்பு எழுந்து அவர் மன்னிப்புக் கேட்டார். ஓரெழுத்துக்கு அத்தனை நோவு! அந்த நோவு எனக்குப் புரிகிறது. முழுப் பாட்டையும் எடுத்துவிட்டால் நோகாதா என்பதுதான் என் கேள்வி.

அண்மையில் பழைய பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பந்தலில் என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தவர், "என்னைத் தெரியுதா சேர்?" என்றார். 800 மீற்றர் பையன். தலை நரைத்துவிட்டது. பாடும் ஆறு பிள்ளைகளில் ஒருத்தி தன் மகள் என்று காட்டினார். கசெற் இல்லை, யாரும் எதுவும் கொண்டு வரவில்லை. பிள்ளைகள் தமிழில் பாடினார்கள். அவர் எழும்பி நின்றார். நானும் நின்றேன். அவர் பாடுகிறாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. கொடி ஏறி முடிந்ததும் இருந்தோம். "100 மீற்றருக்கு மகள் ஓடுறாள் சேர், இரண்டாவது கோடு" என்றார். கோட்டைப் பார்த்தேன். சுண்ணாம்பு நேராகப் போட்டிருந்தார்கள்.