பத்து ஆராங்கின் ஏரிச் சேறு

மலேசியாவின் சுங்கை பூலோவிலிருந்து ரயிலில் வடக்கே போனால் அடுத்து வருவது குவாங். அங்கிருந்து பிரிந்த கிளைப்பாதை ஒன்று ஒரு காலத்தில் பத்து ஆராங் வரை போனது. மலாயில் அந்தப் பெயருக்கே நிலக்கரி என்றுதான் பொருள்.

1915 முதல் மலாயன் கோலியரிஸ் நிறுவனம் அங்கே கரி வெட்டியது. சீனர்களோடு இந்தியர்களும் அதில் உழைத்தார்கள். ரயில் எஞ்சின்களும் ஈயச் சுரங்கங்களும் அந்தக் கரியை நம்பி ஓடின. 1937 மார்ச்சில் தொழிலாளர்கள் சுரங்கத்தையே தங்கள் கையில் எடுத்துக்கொண்டபோது, ஆட்சியாளர்கள் போலீசை ஏவி அதை மீட்டார்கள். கரி நின்றால் நாடே நிற்கும் என்ற அச்சம் அவர்களுக்கு. போருக்குப் பின் ரயில்வே எண்ணெய்க்கு மாறியது. 1960இல் சுரங்கம் மூடப்பட்டது.

கரியை வீழ்த்திய அந்த எண்ணெயின் பிறப்பை அறியத்தான் பின்னாளில் நிலவியலாளர்கள் இங்கே வந்தார்கள்.

அவர்களை இழுத்தது கரியோடு கிடக்கும் களிப்பாறை. இரண்டு கோடி ஆண்டுகளுக்கும் வெகு முன்னால் இங்கே நன்னீர் ஏரி இருந்தது. செத்த பாசியும் இலைதழையும் அதன் அடிச்சேற்றில் காற்றுப் படாமல் தங்கிப் பாறையாயின. இதுபோன்ற மூலப்பாறை ஆழப் புதைந்து, ஏறத்தாழ 60 முதல் 120 டிகிரி செல்சியஸ் சூட்டில் நெடுங்காலம் கிடந்தால்தான் எண்ணெய் பிறக்கும். பத்து ஆராங் பாறைக்கு அந்தச் சூடு கிட்டவில்லை. உலையேறாத அரிசி அது. அதனாலேயே மதிப்பு மிக்கது. 1969இல் எஸ்ஸோ நிறுவனம் தாப்பிஸ் எண்ணெய் வயலைக் கண்ட திரங்கானுக் கடலுக்கடியில், இதே வகை ஏரிப் பாறைகள் கிலோமீட்டர் கணக்கான ஆழத்தில் வெந்து கிடக்கின்றன. துளைக்கருவிக்கும் எளிதில் எட்டாத அந்தப் பாறையின் பச்சை நிலையை இங்கே சுத்தியலால் தட்டி எடுக்கலாம்.

எந்த எண்ணெய்க்கு எந்தப் பாறை தாய்? 1930களில் ஜெர்மானிய வேதியியலாளர் ஆல்பிரட் டிரைப்ஸ், கச்சா எண்ணெயில் இலைப்பச்சையத்தின் எச்சத்தைக் கண்டார். எண்ணெயிலும் பாறையிலும் ஒரே மூலக்கூறுகளைத் தேடி உறவு காணும் முறை அங்கிருந்து வளர்ந்தது. தென்கிழக்காசிய எண்ணெய்கள் பலவற்றில் பைகாடினேன் என்ற மூலக்கூறு இருக்கிறது. அது டாமார் மரப் பிசினின் எச்சம். சைவ அடியார் குங்கிலியக் கலய நாயனார் திருக்கடவூரில் தூபமிட்ட குங்கிலியமும் அதே குடும்பத்து மரப்பிசின்தான். ஏரிப் பாசியோடு, ஆறுகள் அடித்துவந்த காட்டு மரங்களும் திரங்கானுக் கடலின் எண்ணெய்க்குப் பங்களித்தன என்பதற்கு எண்ணெயில் எஞ்சிய அந்தப் பிசினே சாட்சி.