மொழிக் கணக்கெடுப்பு அட்டவணைகளில் அரசியல் சார்பு

அரசு வெளியிடும் மொழிப் புள்ளிவிவரங்களில் சார்பு இருப்பின், அது எண்களில் மட்டுமன்றி, அவ்வெண்கள் எத்தலைப்பின்கீழ்த் தொகுக்கப்படுகின்றன என்பதிலும் வெளிப்படும். விடுதலைக்குப் பிந்தைய இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் இதற்குத் தக்க சான்றாகும்.

1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது பஞ்சாபில் தாய்மொழி பற்றிய வினா அரசியல் பூசலாயிற்று. பஞ்சாபி பேசிய இந்துக்கள் பலர் இந்தியையே தாய்மொழியாகப் பதிந்தனர். இதன் விளைவாக இந்தி, உருது, இந்துஸ்தானி, பஞ்சாபி ஆகியவற்றைப் பேசுவோர் தனித்தனியே காட்டப்படாமல், ஏறத்தாழ 15 கோடி என ஒரே தொகையாகத் தரப்பட்டனர். 1961இல் இவை பிரித்துக் காட்டப்பட்டன. அவ்வாண்டுப் பட்டியலில் 1652 தாய்மொழிகள் இடம்பெற்றன. 1971 முதல், 10,000 பேருக்கும் குறைவானோர் பேசும் தாய்மொழிகள் 'பிற' என்னும் தலைப்பில் அடக்கப்பட்டன. பட்டியல் பெரிதும் சுருங்கியதற்கு வெளியீட்டு விதியின் மாற்றமே முதன்மைக் காரணம். அதனை மொழிகளின் மறைவு எனக் கொள்ளுதல் பிழையாகும்.

2011ஆம் ஆண்டு அட்டவணையில் இந்தி பேசுவோர் 52.83 கோடி, மக்கள்தொகையில் 43.63 விழுக்காடு. ஆனால், தம் தாய்மொழியை இந்தி என்றே குறித்தோர் 32.22 கோடியினரே. எஞ்சியோருள் போஜ்புரி பேசுவோர் 5.06 கோடியினர், ராஜஸ்தானி பேசுவோர் 2.58 கோடியினர்.

இவ்வாறு தொகுத்தற்கு மொழியியல் அடிப்படை உண்டு என்று வாதிடலாம். மொழிக்கும் கிளைமொழிக்கும் இடையே எல்லை வகுத்தல் எளிதன்று. எனினும், மைதிலியின் வரலாறு அவ்வாதத்தை ஐயுறச் செய்கிறது. 1991இல் அது இந்தியின்கீழ் வைக்கப்பட்டிருந்தது. 2003ஆம் ஆண்டின் 92ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அதனை எட்டாவது அட்டவணையில் சேர்த்தது. அதன்பின் வெளியான 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் மொழி அட்டவணையில் 1.22 கோடிப் பேர் பேசும் தனிமொழியாக மைதிலி இடம்பெற்றது. இடைப்பட்ட காலத்தில் மைதிலியின் ஒலியமைப்போ இலக்கணமோ மாறவில்லை, சட்டநிலையே மாறியது. ஆகவே, வகைப்பாட்டின் அளவுகோல் மொழியியல் மட்டுமன்று என்பது தெளிவு.

சார்பினைக் கண்டறியும் வழியையும் இவ்வட்டவணைகளே தருகின்றன. மொத்தத் தொகைக்குக் கீழே உட்பிரிவுகளின் எண்களும் அச்சிடப்பட்டுள்ளன. அவற்றைக் காணாது மொத்தத்தை மட்டும் எடுத்தாள்வோர் அரசின் வகைப்பாட்டையும் அறியாமலேயே ஏற்றுக்கொள்கின்றனர். மொழிபெயர்ப்பாளர் 'இந்தி பேசுவோர்' என எழுதுமிடத்து, 'இந்தித் தொகுதியில் சேர்க்கப்பட்டோர்' என்பதா, 'இந்தி எனப் பதிந்தோர்' என்பதா எனத் தெளிதல் வேண்டும். இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடு 20 கோடி மக்களுக்கு மேல்.