தொப்பூரில் கோட்டைவிட்ட கம்பெனி

பேரிகையிலிருந்து கிருஷ்ணகிரி போய் சேலம் பஸ் பிடித்தால், தருமபுரி தாண்டியதும் பாதிப் பேர் தூங்கிவிடுகிறோம். கொஞ்சம் விழித்துக்கொள்ளுங்கள், தொப்பூர் கணவாய் வருகிறது! மலையும் ஆறும் ரோடும் ஒன்றையொன்று நெருக்குகிற இடம்.

1790 நவம்பர். ஜெனரல் மெடோஸ் படையும் கர்னல் மேக்ஸ்வெல் படையும் ஒன்று சேர்ந்து திப்பு சுல்தானைத் துரத்தின. மனிதர் லேசுப்பட்டவரா? இந்தக் கணவாய் வழியாகவே நழுவி, திருச்சிப் பக்கம் போய்விட்டார். கம்பெனிக்காரர்கள் கோட்டைவிட்டார்கள்.

ஆனால், 1792 உடன்படிக்கையில் பாராமகால் முழுக்க கம்பெனி கைக்குப் போனது. நம்ம ஓசூர்ப் பக்கம் மட்டும், 1799-ல் திப்பு சாகும்வரை மைசூரோடுதான் இருந்தது.

இன்றைக்கு அதே இறக்கத்தில், டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிற லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிற கார்கள்மேல் ஏறுகின்றன. திப்பு தப்பித்த இடத்தில் நம்மாட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.