நூல் இற்றால் படகு என்னாகும்?

ஆரணியில் தறியோசை உண்டு; அலையோசை இல்லை. கமண்டல நாகநதியிலும் பல மாதங்கள் மணலைத்தான் காணலாம். இப்படியோர் ஊரிலிருந்து படகைப் பற்றி எழுதப் புகுவது வாசக நண்பர்களுக்கு வியப்பளிக்கலாம். வகுப்பில் நெய்தல் திணை நடத்தியபோது, ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த படகுகள் நம் கரையில் ஓடின என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னோம். நெசவாளர் வீட்டு மாணவர் ஒருவர் எழுந்து, "நூல் இற்றுப்போனால் என்ன செய்வார்கள் ஐயா?" என்று கேட்டார். அக்கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், சென்னைக்கு வந்த கப்பல்கள் கரையை நெருங்க இயலாமல் தொலைவிலேயே நங்கூரமிட்டு நின்றன. அங்கிருந்து மனிதரையும் சரக்கையும் அலைகளினூடே கரை சேர்த்தது மசூலாப் படகு. புதுச்சேரிப் பக்கத்தில் இத்தகைய படகுக்குச் சலங்கு என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பைப் படித்தவர்களுக்கு இச்சொல் புதிதன்று.

ஏறத்தாழ 30 அடி நீளம் கொண்ட இப்படகின் உள்ளே விலாச்சட்டங்கள் கிடையா. பலகைகளின் ஓரங்களில் வரிசையாகத் துளையிட்டு, இரு பலகைகளை விளிம்போடு விளிம்பாகச் சேர்ப்பர். அந்தப் பொருத்தின்மேல் நாரையோ வைக்கோலையோ திரித்து வைத்து, தென்னங்கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாக இறுகத் தைப்பர். இரும்புக்கு அங்கே வேலையில்லை. ஆணியறைந்த விறைப்பான படகு அலையால் மணலில் மோதும்போது பிளந்துவிடும்; தைத்த படகோ சற்று நெளிந்து, அடியைத் தாங்கிக்கொள்ளும். 1834இல் இலங்கை, இந்தியக் கரைகளின் கலங்களைப் பற்றி விரிவாக எழுதிய ஜான் எடை என்ற ஆங்கிலேயக் கப்பற்கட்டுநரும், பின்னர் 1920இல் இந்தியப் படகுகளை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹார்னெலும் இவ்வகைப் படகைக் கருத்துடன் பதிவு செய்துள்ளனர்.

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். பலகையில் விழுந்த மேலோட்டமான கீறலைச் சீவி, எண்ணெய் பூசினால் போதும். ஆனால் உப்பும் வெயிலும் மணலும் கயிற்றைத் தின்றுவிடும். அப்போது தையலை அறுத்துப் பலகைகளைப் பிரிப்பர். கெட்ட பலகையை மட்டும் மாற்றுவர். நல்ல பலகைகளைப் பழைய துளைகளின் வழியே புதுக் கயிறு கோத்து மீண்டும் தைப்பர். ஆணியோ துருப்பிடித்துத் தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். ஆகவே, பழுது பார்த்தல் என்பது இப்படகுக்குப் பின்னால் வந்து சேர்ந்த வேலையன்று. பிரிப்பதற்கென்றே தைக்கப்பட்டது அது.

இவ்வுண்மையை வெளியிலிருந்து வந்தோர் பலர் உணரவில்லை. பாரசீக வளைகுடாவின் ஓர்மூசில் ஆணியின்றித் தைத்து மீனெண்ணெய் பூசிய கப்பல்களைக் கண்ட மார்கோ போலோ, அவற்றை மட்டமானவை என்றே கருதினார். கடலடிக் காந்தப் பாறைகள் இரும்பை இழுத்துவிடும் என்ற அச்சத்தால்தான் ஆணி தவிர்க்கப்பட்டது என்ற கதையும் நெடுங்காலம் உலவியது. வடமொழி நூலான யுக்திகல்பதருவிலும் அவ்வெச்சரிக்கை காணப்படுகிறது. காந்தத்தைத் தேடிப் போவானேன்? கரையில் உடையும் அலையே போதிய காரணம் அல்லவா?

1870களில் தொடங்கிய சென்னைத் துறைமுகப் பணி 1881 நவம்பர்ப் புயலில் பெருஞ்சேதமுற்று, மீண்டும் நடந்தது. கப்பல்கள் துறைமுகத்துக்குள் வரத் தொடங்கியதும் மசூலாவின் பழைய பிழைப்பு முடிந்தது. ஆந்திர, ஒடிசாக் கரைகளில் கரைவலை மீன்பிடிப்புக்கு அது மேலும் பல்லாண்டுகள் உழைத்தது. பின்னர்க் கண்ணாடியிழைப் படகுகள் வந்தன.

அஜந்தா ஓவியமொன்றில் உள்ள 5ஆம் நூற்றாண்டுக் கப்பலை முன்மாதிரியாகக் கொண்டு, கயிற்றால் தைத்துக் கட்டப்பட்ட 'கௌண்டின்யா' 2025 மே மாதம் கார்வாரில் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்டது. அதைத் தைத்தவர்கள் பாபு சங்கரன் தலைமையிலான கேரளக் கைவினைஞர்கள். அங்கே அக்கலை தெரிந்த கைகள் எஞ்சியிருந்தன. இச்செய்தி நமக்கு மகிழ்ச்சியோடு ஒரு கலக்கத்தையும் தந்தது. மசூலாவின் ஓவியங்களும் அளவுகளும் நூல்களில் பத்திரமாக உள்ளன. ஆனால் கயிற்றை எவ்வளவு இறுக்குவது, எப்போது பிரிப்பது என்பதை ஏடு சொல்லாது, கைதான் அறியும். படகு பழுதானால் கை சரிசெய்யும். கையே இல்லாமற்போனால்?

அடுத்த வகுப்பில் அம்மாணவருக்கு விடை சொன்னோம். "பழைய பாவோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைக்கிறோமே, அது மாதிரி" என்றார் அவர். கடலைக் காணாத தறிக்காரப் பிள்ளைக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. கரையோர ஊர்களில் வாழும் நண்பர்கள், தைத்த படகைக் கண்ட முதியவர்கள் இருப்பின், அவர்களிடம் அமர்ந்து ஒவ்வொரு முடிச்சின் பெயரையும் கேட்டு எழுதி வைக்க வேண்டுகிறோம். காலம் தாழ்த்த வேண்டாம்.