புள்ளி இருக்கும் பக்கம்தான் கலெக்டர்

பரண் சுத்தம் செய்தபோது அப்பாவின் டிரான்சிஸ்டர் ரேடியோ கிடைத்தது. பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாம் என்றார்கள் வீட்டில். போடும் முன் திறந்து பார்த்தேன். நாற்பது வருடத்துக்கு முன் நான் செய்த தப்பு ஒன்று உள்ளே அப்படியே இருந்தது. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பழைய கதை வேண்டும்.

முதலில் வந்தவை வால்வு ரேடியோக்கள். ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்ய முடியும் என்று 1941-லேயே அறிவித்தவர் நம்மூர் ஜி.டி. நாயுடு. வால்வில் ஒரு வசதி உண்டு. அடியில் ஊசிகளின் இடைவெளியோ சாவி போன்ற மேடோ இருப்பதால் சாக்கெட்டில் மாற்றிச் சொருகவே முடியாது.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. கண்டுபிடித்த மூவருக்கும் 1956-ல் நோபல் பரிசு கிடைத்தது. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1962-ல் ஜெர்மானியம் பாகங்களைச் செய்யத் தொடங்கியது. ரேடியோ கைக்கு அடக்கமானது. பெயரே 'டிரான்சிஸ்டர்' என்றானது. ஆனால் சாக்கெட் போய்விட்டது. எமிட்டர், பேஸ், கலெக்டர் என மூன்று கால்கள், பார்க்க ஒரே மாதிரி. எது எது என்று காட்ட ஒரு சின்ன வண்ணப் புள்ளிதான் துணை.

உங்கள் வீட்டுப் பெட்டியில் என்ன இருக்கும்? கறுப்புப் பூச்சுக் கண்ணாடிக் குழாயாக இருந்தால் ஓ.சி. 71 வகை. 'ஓ' என்றால் சூடேற்றும் கம்பி இல்லை என்று பொருள். வால்வுக்குப் பெயர் வைத்த பழக்கம் அப்படியே தொடர்ந்தது. சிவப்புப் புள்ளிப் பக்கம் கலெக்டர், நடுவில் பேஸ், மற்றது எமிட்டர். சிறு உலோகக் குப்பியாக இருந்தால் பெரும்பாலும் ஏ.சி. 128 வகை. இதிலும் புள்ளிக்கு நேரான கால்தான் கலெக்டர். ஏ.எஃப். 117 வகையில் நான்கு கால்கள். கூடுதலான ஒன்று குப்பியோடு சேர்ந்த காப்புக் கால். ஏ.டி. 149-ல் இரண்டே கால்கள்; உலோக உடம்பே கலெக்டர். இந்தப் பெயர்களில் முதல் எழுத்து 'ஏ' என்றால் ஜெர்மானியம், 'பி' என்றால் சிலிக்கான்.

புள்ளி அழிந்திருந்தால் மீட்டர் வேண்டும். டிஜிட்டல் மீட்டரை டயோடு நிலையில் வையுங்கள். பழைய செட்டுகளில் அதிகம் உள்ள பி.என்.பி. வகையானால், கறுப்பு முனை பேஸில் இருக்கும்போது சிவப்பு முனை மற்ற இரண்டு காலிலும் சுமார் 0.2, 0.3 வோல்ட் காட்டும். சிலிக்கான் என்றால் 0.6-க்கு மேல் போகும். பழைய முள் மீட்டரில் ஓம்ஸ் அளக்கும்போது கறுப்பு முனைதான் பாசிட்டிவ். இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். அதே முள் மீட்டரின் இரு முனைகளையும் பேஸ் தவிர்த்த இரு கால்களில் வைத்து, சிவப்பு முனை உள்ள காலையும் பேஸையும் ஈர விரலால் தொடுங்கள். பிறகு முனைகளை மாற்றி அதேபோல் தொடுங்கள். எந்த முறை முள் அதிகம் ஏறுகிறதோ, அப்போது சிவப்பு முனை இருப்பது கலெக்டர்.

இனி என் தப்பு. அப்பாவின் செட்டில் சத்தம் நின்றபோது ஏ.சி. 128 ஒன்றை நானே மாற்றினேன். அப்போதே பாட்டு வந்தது, ஆனால் மெதுவாகத்தான் வந்தது. கலெக்டரையும் எமிட்டரையும் மாற்றி வைத்தாலும் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் ஓரளவு வேலை செய்யும். பெருக்கும் சக்தி மட்டும் குறையும். பற்றையும் வரவையும் மாற்றி எழுதியும் கணக்கு நேராவது போல. பேட்டரி வீக் என்று நான் சொன்னேன். அப்பா ஒன்றும் சொல்லாமல், கடைசி வரை காதோடு ஒட்டி வைத்தே செய்தி கேட்டார். இப்போது பார்த்தால் புள்ளி எதிர்ப்பக்கம் நிற்கிறது.

காலை இடுக்கியால் பிடித்துச் சூடு மேலே ஏறாமல் கழற்றி, சரியாக வைத்து, கெட்டுப்போன இரண்டு கெப்பாசிட்டரையும் மாற்றினேன். முழுச் சத்தம் வந்தது. கேட்க அப்பா இல்லை.

உங்கள் பரணிலும் ஒரு செட் இருக்கலாம். எடைக்குப் போடும் முன் ஒரு தடவை கொண்டு வாருங்கள். ஞாயிறு சாயங்காலம் முள் மீட்டரோடு சங்க அறையில் இருப்பேன். பேட்டரி கசிந்திருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.