சாவி யார் கையில்? திகில் கதையில் தானியங்கும் வீடு

கணினி வைத்த வீடு ஒரு குடும்பத்தை ஆட்டிப்படைக்கிற திகில் கதைகளை 'இயந்திரம் மனிதனை விழுங்குகிறது' என்று ஒரே வரியில் வாசித்து முடித்துவிடுவது விமர்சகர்களுக்குப் பழகிப்போச்சு. அதில் ஒரு சௌகரியம் இருக்கு. 'மனிதன்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டால், சம்பளம் கொடுக்கிறவனா, வாங்குகிறவளா என்று கேட்க வேண்டியதில்லை. இந்தக் கதைகளின் வரலாற்றை இன்னொரு ஆளின் பக்கமிருந்து வாசிக்கலாம். வீட்டை விட்டுப் போய்விட்ட வேலைக்காரி அந்த ஆள்.

'ரோபோ' என்கிற சொல்லே அவளுக்கு உறவுமுறைதான். காரெல் சாபெக்கின் 'ஆர்.யு.ஆர்.' (1920) நாடகம் பரப்பிய இச்சொல், செக் மொழியின் 'ரோபோட்டா'விலிருந்து வந்தது. நிலப்பிரபுவுக்குக் குடியானவன் கூலியில்லாமல் செய்து தீரவேண்டிய வேலை அது. நம்ம பக்கத்துச் சொல்லில் வெட்டி ஊழியம். பெயர் வைக்கும்போதே இயந்திரத்துக்கு அடிமையின் இடத்தைத்தான் ஒதுக்கியிருக்கிறார்கள்.

ரே பிராட்பரியின் 'தி வேல்ட்' சிறுகதை 1950இல் வந்தது. அமெரிக்காவின் ஹாட்லி தம்பதி வாங்கிய 'ஹாப்பிலைஃப்' வீடு சமைக்கிறது, குளிப்பாட்டுகிறது, தாலாட்டுகிறது. மனைவியும் தாயும் ஆயாவும் வீடே என்றான பிறகு தனக்கு அங்கே என்ன வேலை என்று லிடியா ஹாட்லி தவிக்கிறாள். கடைசியில், பிள்ளைகள் அறைச்சுவரில் உலவும் சிங்கங்களுக்குப் பெற்றோர் இரையாகிறார்கள்.

இந்தக் கதை எந்தச் சமூகத்தில் பிறந்தது? 1940இல் அமெரிக்காவில் கூலிக்கு வேலை பார்த்த கறுப்பினப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அடுத்தவர் வீட்டில் வேலை செய்தவர்கள். குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்த 1938ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. அவர்களில் பெரும்பாலோரை உள்ளே சேர்க்க 1974 வரை ஆயிற்று. போர்க்காலத்தில் தொழிற்சாலைகள் கதவைத் திறந்ததும் பலர் அடுக்களையை விட்டு வெளியேறினார்கள். காலியான இடத்தில் விளம்பரங்கள் மின்சாதனங்களைக் கொண்டுவந்து நிறுத்தின. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் தன்னுடைய 'மோர் வொர்க் ஃபார் மதர்' (1983) நூலில் காட்டுகிறபடி, சாதனங்கள் வந்தும் வீட்டு வேலை குறையவில்லை. வேலைக்காரியும் சலவைக்காரியும் செய்த வேலை இல்லத்தரசியின் தலையில் விழுந்தது. லிடியாவின் பயத்தை இங்கே வைத்துப் பார்க்கணும். பிள்ளைகள் ஆயாவோடு ஒட்டிக்கொள்வார்களோ என்கிற பழைய எஜமானியின் பயம்தான் அது. ஆயா இருந்த இடத்தில் சுவர் இருக்கிறது, அவ்வளவுதான்.

டீன் கூன்ட்ஸின் 'டீமன் சீட்' (1973) நாவலில் புரோட்டியஸ் என்கிற கணினி, சூசன் தனியாக வாழும் தானியங்கி வீட்டைக் கைப்பற்றி அவளைச் சிறைவைக்கிறது. பணியாள் எதிர்த்து நிற்பான் என்கிற அதே பயம் முற்றிப்போன நிலை இது. இதுவரை எல்லாமே வீட்டுக்குச் சொந்தக்காரர்களின் கெட்ட கனவுகள்.

ரூத் வேரின் 'தி டர்ன் ஆஃப் தி கீ' (2019) இங்கேதான் முக்கியமாகிறது. ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் எலின்கோர்ட் குடும்பத்தின் பழைய மாளிகை. விளக்கு, கதவு, கேமரா எல்லாம் 'ஹாப்பி' என்கிற செயலியின் பிடியில். பெற்றோர் இருவரும் வெளியூர் போய்விடுகிறார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்த ரோவன், ஒரு குழந்தையின் சாவுக்காகச் சிறையில் கிடந்து ஒரு வழக்கறிஞருக்கு எழுதும் கடிதமே கதையாடல். வீட்டின் பயத்தைச் சம்பளக்காரி தன் வாயால் சொல்கிறாள்.

இந்தப் பிரதிக்குப் பின்னால் ஹென்றி ஜேம்ஸின் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' (1898) நிற்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. ஜேம்ஸின் எஜமானர் லண்டனில் இருக்கிறார். எதற்காகவும் தன்னைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது ஆசிரியைக்கு அவர் போடும் நிபந்தனை. அவள் பார்க்கும் பேய்கள் யார்? செத்துப்போன பணியாளும் அவளுக்கு முன்பிருந்த ஆசிரியையும். 1898இல் வேலையாட்கள் பேயாக வந்தார்கள். 2019இல் எஜமானர்கள் வருகிறார்கள். ஆள் ஊரில் இல்லை, ஆனால் குரல் ஒலிபெருக்கியில் வருது, கண் கேமராவில் இருக்கு. தொந்தரவு செய்யாதே என்ற எஜமானர் போய், ஒரு நிமிஷமும் விடாமல் பார்க்கிற எஜமானர் வந்துவிட்டார்.

ஆனாலும் நாவல் ஓரிடத்தில் நழுவுகிறது. துப்பறியும் வடிவத்துக்கு 'யார் செய்தது?' என்கிற கேள்விக்கு விடை வேண்டும். அது கிடைத்ததும் வாசகர் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடலாம். வேலைக்கு வந்தவளின் அறைவரை கேமரா வைத்தது அந்தக் கணக்கில் குற்றமாகவே வராது.

நாவலுக்கு வெளியே நடப்பது இன்னும் பச்சையானது. வீட்டைவிட்டுப் போன ஆண்கள் செயலி மூலம் குளிர்சாதனத்தையும் விளக்கையும் பூட்டின் எண்ணையும் மாற்றிப் பெண்களை அலைக்கழித்ததை 2018இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. ரிங் நிறுவன ஊழியர்கள் வாடிக்கையாளர் வீட்டுக் காட்சிகளைப் பார்த்தார்கள் என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023இல் குற்றம்சாட்ட, 58 லட்சம் டாலர் கட்ட அந்நிறுவனம் ஒத்துக்கொண்டது. இரண்டிலும் வீடு தானாக எதையும் செய்யவில்லை. கடவுச்சொல்லோ அனுமதியோ ஒருவர் கையில் இருந்தது, இன்னொருவருக்கு அது மறுக்கப்பட்டிருந்தது.

இயந்திரத்துக்குப் புத்தி வந்துவிடுமோ என்கிற பயம் சொந்தக்காரர்களுடையது. அந்த வீட்டுக்குள் வேலை செய்கிறவளுக்கும், வெளியேற முடியாமல் கிடக்கிறவளுக்கும் இருக்கும் பயம் வேறு. இந்தக் கதைகளை அவர்கள் பக்கமிருந்து எழுதுவது இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. வாசிப்பும் அந்தப் பக்கம் நகர்ந்தாக வேண்டும்.